வீழ்ந்து கிடப்பது யாருக்குரியது?

நிலத்தில் வீழ்ந்த மலர் அர்ச்சனைக்கு ஆகாது என்பது பொதுவிதி. ஆயினும் பாலசமுத்திரம் அகோபில வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வரும் அன்பர்கள் சிலர், மரத்தடியில் பொறுக்கிய பவழமல்லியைக் கூடையில் ஏந்தி, "சுவாமி, இது ஏற்குமா?" என்று தயங்கிக் கேட்பதுண்டு. தாராளமாக ஏற்கும். அந்தியில் மலர்ந்து, பொழுது புலரும் வேளையில் தானே கிளையை விட்டு உதிர்வது அம்மலரின் இயல்பு. மகிழம்பூவும் அத்தகையதே. உலர்ந்த பின்னும் மணம் மாறாத அம்மகிழை அணிந்தவராகப் போற்றி அன்றோ நம்மாழ்வாரை வகுளாபரணர் என்கிறோம்! முதல்நாள் இரவே மரத்தடியில் தூய வெண்துணி விரித்து வைப்போர் உண்டு, மெச்சத்தக்க வழக்கம்.

ஆகவே, மண்ணைத் தொட்டதா என்பதன்று கேள்வி. உடையவர் அதனை விட்டுவிட்டாரா என்பதே கேள்வி. பவழமல்லியை மரமே விட்டுவிடுகிறது. ஆனால் அருகிலுள்ள ஆயக்குடித் தோப்பில் உதிர்ந்து கிடக்கும் கொய்யாவின் நிலை என்ன? "கீழே கிடந்ததுதானே" என்று எடுத்து மடியில் கட்டிக்கொள்வோர் அது திருட்டாகாது என்றே எண்ணுகின்றனர். பூஜைக்குரிய மலரையும், வேலியிடாத மரத்தின் கனியையும் தமதேபோல் எடுத்துக்கொள்ளலாம் என்று கௌதம தர்மசூத்திரம் இசைகிறது. வேலியிட்டவன் இன்னும் விடவில்லை என்பது அதனுள் அடங்கிய பொருள். பிறருடையது என்ன, உடன்பிறந்தான் பொருளாயினும் கேளாமல் எடுத்தல் குற்றமே. பாகுதா நதிக்கரையில் தமையன் சங்கருடைய ஆசிரமத்துக் கனிகளைக் கேளாமல் பறித்து உண்டார் லிகிதர். தமையன் சொற்படி சுத்யும்ன மன்னனிடம் தாமே சென்று தண்டனை வேண்டினார். இரு கைகளையும் இழந்தார். பின்னர் அந்நதியில் நீராடித் தர்ப்பணம் செய்ய முற்பட்டபோதே கைகளைத் திரும்பப் பெற்றார் என்று சாந்திபர்வம் கூறும். சில கனிகளுக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று பாடசாலைப் பிள்ளைகள் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும்.

கதிரறுத்துக் கட்டுகள் களம் சேர்ந்தபின் வயலில் சிந்திய மணிகளோ வேறு. அவற்றைப் பொறுக்கி உண்ணும் உஞ்சவிருத்தியை மனு 'ருதம்' என்றே பெயரிட்டு, பிழைக்கும் வழிகளில் முதலாவதாக வைத்தார். குருக்ஷேத்திரத்தில் அவ்வாறு வாழ்ந்த ஓர் அந்தணர், பஞ்ச காலத்தில் கிடைத்த ஒரு படி யவமாவை மனைவி, மகன், மருமகளோடு பங்கிட்டு உண்ண அமர்ந்த வேளையில் அதிதி வந்தார். நால்வரும் ஒருவர்பின் ஒருவராகத் தம் பங்கை ஈந்தனர். அவ்விடத்தில் சிதறிக் கிடந்த மாவில் புரண்ட கீரியின் பாதி உடல் பொன்னாயிற்று. மறுபாதி, தருமபுத்திரர் செய்த அசுவமேத யாகசாலையில் புரண்டும் பொன்னாகவில்லை. வாரி வழங்கிய யாகத்தினும், தரையில் பொறுக்கியதைத் தந்த தானத்தையே வியாசர் உயரே வைத்தார்.

பொறுக்குபவனுக்கு விதி சொல்லும் நாம் நிலமுடையவனுக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம். சிந்தியதையும் துடைத்து வாரியபின் ருதத்தால் வாழ்பவன் எங்கே போவான்? பாலாறு பொருந்தலாறு அணை நீர் பாயும் வயல்களில் இன்று இயந்திரம் அறுக்கிறது. ஓரங்களில் கதிர் சாய்ந்து கிடக்கிறது. மடியேந்தி வரும் மூதாட்டி இருவரோ மூவரோதான். அவர்களையும் வரப்பில் நின்று அதட்டுகிறார்கள். அதட்டுபவர் உற்சவத்திற்கு நெல்மூட்டை அனுப்புபவராகவும் இருக்கலாம். அம்மூட்டையைப் பெருமாள் திருமுன் வைக்கையில் அடியேனுக்கு அந்தக் கீரியின் நினைவே வருகிறது.