மைதானத்தில் நடக்கிற படிப்பு



பரீட்சை நெருங்கினதும் பெற்றோர் முதலாவது நிறுத்துவது பிள்ளைகளின் மாலை விளையாட்டுப் பயிற்சியைத்தான். “பந்து சோறு போடுமா, சாமி?” என்று கேட்கிறீர்கள். அநேகருக்குப் போடாது, மெய்தான். ஆனால் பயிற்சியின் பலனை அந்தத் தராசில் நிறுக்கலாகாது.

அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதுகையில் பந்தயத்தில் ஓடுகிறவர்களை உவமை காட்டினார். அந்நகருக்கருகே இரண்டாண்டுக்கொருமுறை பெரிய பந்தயங்கள் நடக்கும். ஜெயித்தவனுக்கு வாடிப்போகிற இலைமுடிதான் வெகுமதி. அதற்காகவும் அவர்கள் தங்களை அடக்கி நடந்தார்கள்.

அந்த அடக்கம் தானாய் வராது. “திரும்பச் செய்” என்று தகப்பன் சொன்னால் முகஞ்சுளிக்கிற பையன், பத்துப்பேர் முன்னிலையில் பயிற்சியாளர் சொன்னால் மறுபேச்சின்றித் திரும்ப ஓடுகிறான். திருத்துகிறவர் தன் நன்மையைத் தேடுகிறார் என்று அவனுக்குத் தெரிகிறது. கோபமின்றித் திருத்தப்படக் கற்றவனோடு நாளை வேலை செய்கிறவர்களும் குடும்பம் நடத்துகிறவளும் பாக்கியசாலிகள்.

சேலம் ஜில்லா பெரியவடகம்பட்டியில், காய்கறி விற்ற ஒரு தாயின் மகன் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பஸ் ஏறி வலதுகால் ஊனமாயிற்று. உயரந்தாண்டச் சொல்லித் தூண்டினவர் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர். பிறகு பெங்களூரில் சத்தியநாராயணா என்ற பயிற்சியாளர் பழக்கினார். 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி. 2024-ல் பாரிஸில் வெண்கலம். பதக்கங்கள் இருக்கட்டும். ஊனமான காலோடு நின்ற சிறுவனிடத்தில் உயரந்தாண்டுகிறவனைக் கண்டதே அந்த ஆசிரியருடைய கண், அதை நினைத்துப் பாருங்கள்! நம் தெருக்களில் அப்படிப்பட்ட கண்ணுக்காகக் காத்திருக்கிற பிள்ளைகள் எத்தனை பேரோ?

ஊருக்கும் லாபமுண்டு. சப்பரம் எந்தத் தெருவில் முதலில் திரும்புவது என்பதற்கே மனஸ்தாபப்படுகிறவர்கள் நாம். வாலிபால் கோஷ்டியிலோ மேலத்தெருப் பையன் தூக்கிக்கொடுக்கிற பந்தைத்தான் கீழத்தெருப் பையன் அடிக்கவேண்டும். தெருவைப் பார்த்து ஆளெடுக்கிற பயிற்சியாளர் மறுவாரமே தோற்பார்.

கை நீட்டுகிறவர்களும், வெற்றிக்காகப் பிள்ளைகளைப் பிழிகிறவர்களும் பயிற்சியாளர்களில் இல்லாமலில்லை. ஆகையால் மாதத்தில் ஒருநாளாவது மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள்.

பெண்பிள்ளைகளை வயது வந்ததும் நிறுத்திவிடுகிறீர்களே, அதுதான் எனக்கு மிகுந்த விசனம். தாய்மாரே, இருட்டுப் பாதைதான் காரணமென்றால் சொல்லுங்கள். கோவில் சுவரிலிருந்து மைதானம் வரை விளக்குப் போடலாம்.