கைவிடாமை

மகாபாரதத்தின் ஆய்வுப் பதிப்பைப் புனேயிலுள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919-இல் தொடங்கி 1966-இல் நிறைவு செய்தது. அந்த இதிகாசத்தின் பதினேழாம் பர்வத்தில், தம்மைப் பின்தொடர்ந்த நாயை விட்டுவிட்டுத் தேரில் ஏறுமாறு இந்திரன் கூற, யுதிஷ்டிரர் மறுக்கிறார். அண்டியதைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் அவருக்கு வேண்டியதில்லை.

இக்கேள்வி இன்று சில இல்லங்களில் வேறு வடிவில் எழுகிறது. முதல் வகை நீரிழிவு உள்ள மகளுக்கு உறக்கத்தில் இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறையலாம். அது உயிருக்கே ஆபத்து. பெற்றோர் இரவெல்லாம் விழித்திருக்க இயலுமா? பயிற்சி பெற்ற நாய், அவளது மூச்சிலும் வியர்வையிலும் உண்டாகும் வாசனை மாற்றத்தை உணர்ந்து வீட்டாரை எழுப்புகிறது. இத்தகைய நாய்களைப் பழக்கும் அறநிறுவனம் ஒன்று பிரிட்டனில் 2008 முதல் இயங்கி வருகிறது. மோப்பமும் தவறக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனையைக் கைவிடலாகாது.

பயன் உள்ளவரை அன்பு செலுத்துவது எளிது. சில ஆண்டுகளில் நாய் முதுமை எய்தும்; மகளுக்கு வேறொரு நாய் தேவைப்படும். இரண்டையும் பேண வசதியில்லாத குடும்பம் என்ன செய்யும்? அன்புள்ள மற்றோர் இல்லத்தில் அதைச் சேர்ப்பது கைவிடுதலாகாது. அதன் கதியைப் பற்றிக் கவலையற்றிருப்பதே கைவிடுதல்.

யுதிஷ்டிரரின் நாய் அவருக்கு எந்த ஊழியமும் செய்யவில்லை. உடன் வந்தது, அவ்வளவே. அதற்கே அந்த உரிமை உண்டெனில், இரவெல்லாம் காவல் காத்த நாய்க்கு எவ்வளவு உரிமை உண்டு!

நோயுற்ற மகளும் இதைக் கவனிக்கிறாள். தளர்ந்த உயிரை இவ்வீடு எவ்வாறு நடத்துகிறது என்பதிலிருந்தே தனது இடத்தையும் அவள் அறிந்துகொள்கிறாள்.