எடுத்ததற்கு ஈடு

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், ஜி.பி.எஸ். சைகைகளில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. ஓரிடத்தைத் துல்லியமாக அறியும் வசதி பொதுமக்களுக்கும் வாய்த்தது. உடனே மே 3 அன்று, ஆரெகன் மாநிலத்தில் பீவர்கிரீக் என்னும் ஊரருகே, டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அறிவித்தார். வாளிக்குள் டப்பாவில் அடைத்த பயறும் இருந்தது. புதையல் என்றதும் பொன்னை எண்ணுவோர் ஏமாந்திருப்பர்!

ஜியோகேஷிங் எனப் பெயர்பெற்ற இவ்விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இதில் போற்றத்தக்க மரபு ஒன்று உண்டு: பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுப்பவர், அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான ஒன்றை வைத்துச் செல்ல வேண்டும். காவலர் எவருமில்லை, சிறு குறிப்பேடு மட்டும் உண்டு. எடுத்தவரின் மனமே அங்குச் சாட்சி.

ஆனால், ஈடு வைக்க இயலாத ஒன்றை எடுத்துவிட்டால் என் செய்வது? அதே மாநிலத்தின் வட எல்லையிலுள்ள கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு இக்கேள்வியை எழுப்புகிறது. 2017 செப்டம்பர் 2 அன்று, 15 வயதுச் சிறுவன் ஒருவன் ஈகிள் கிரீக் ஓடைப் பள்ளத்தில் வெடிபொருள் ஒன்றைக் கொளுத்தி எறிந்தான். கோடையில் காய்ந்திருந்த காடு பற்றிக்கொண்டது. நடைப்பயணிகள் நூற்றைம்பது பேர் வெளியேற வழியின்றிக் காட்டிலேயே இரவைக் கழித்தனர். தீப்பொறிகள் அகன்ற ஆற்றையும் தாண்டின. நவம்பர் இறுதியில் தீ முற்றிலும் கட்டுக்குள் வருவதற்குள் ஏறத்தாழ 50,000 ஏக்கர் பரப்பு தீக்கு உள்ளாயிற்று.

இன்று அக்காட்டின் ஓரத்தில் பெட்டி தேடிச் செல்பவர் காண்பது முழு அழிவையன்று. கருகி நிற்கும் அடிமரங்களுக்கிடையே இளஞ்செடிகள் தழைத்துள்ளன. 'காடுதான் மீண்டும் தளிர்த்துவிட்டதே, பிறகென்ன குற்றம்?' என்று சிலர் கேட்கக்கூடும். காட்டுத்தீ அந்நிலத்துக்குப் புதிதன்று என்பதும் மெய்யே. எனினும், தளிர்த்தல் காட்டின் இயல்பு. அதை எரித்தவனின் கணக்கில் வரவு வைத்தல் எங்ஙனம் பொருந்தும்? அடிபட்டவர் குணமடைந்தார் என்பதால், அடித்தவர் அன்பு செய்தவராகிவிடுவதில்லை.

நீதிமன்றமும் இவ்விடுக்கணை எதிர்கொண்டது. 2018-இல் அச்சிறுவனுக்கு ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், வனத்துறையின்கீழ் 1,920 மணி நேர உழைப்பும், பாதிக்கப்பட்டோருக்கு மன்னிப்புக் கடிதங்களும் விதிக்கப்பட்டன. பின்னர் 3 கோடியே 66 லட்சம் டாலர் இழப்பீடும் நிர்ணயிக்கப்பட்டது. அதே சமயம், தவணைகளை ஒழுங்காகச் செலுத்தி, வேறு குற்றம் புரியாதிருந்தால், பத்தாண்டுக்குப் பின் எஞ்சியதை நிறுத்திவிடலாம் என்றும் வழி வைக்கப்பட்டது. இழந்தோருக்கு இது குறைவாகத் தோன்றியிருந்தால் அவர்களைக் குறைகூற இயலாது. ஆயினும், ஒரு வாழ்நாளில் தீர்க்கவொண்ணாத தொகையைச் சுமத்துவது தண்டனையாகலாமேயன்றி ஈடாகாது.

இவற்றுள் உழைப்பே ஆழ்ந்து நோக்கத்தக்கது. 1,920 மணி என்பது நாளொன்றுக்கு எட்டு மணியாக 240 நாள்கள். டக்ளஸ் ஃபிர் மரமோ 500 ஆண்டுகளுக்கு மேலும் வாழவல்லது. கணக்கு ஒருபோதும் நேராகாது. ஆனால் பணம் ஒருவனை எரிந்த காட்டிலிருந்து விலகியிருக்க விடுகிறது. உழைப்போ அவனைக் காட்டின்முன் நிறுத்துகிறது. பிராயச்சித்தம் என்று பெரியோர் கூறியதும் செய்தவன் உள்ளம் மாறுவதையே அன்றோ?

ஈகிள் கிரீக் நடைபாதை 2021 தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. இத்தகைய இடங்களில் செயற்கைக்கோள் தேடுபவரைப் பெட்டிக்குச் சில மீட்டர் அருகே மட்டுமே கொண்டுவிடும். எஞ்சிய தொலைவைக் கண்ணும் கையும் கடக்க வேண்டும். அச்சில மீட்டர்களில்தான் புதிதாய் முளைத்த கன்றுகளும் நிற்கின்றன. அவற்றை மிதித்தால் குறுக்குவழி. மிதியாதிருந்தால் சற்றே சுற்று. பார்ப்பவர் ஒருவருமில்லை.