பிள்ளையின் தோல்வி யாருக்குச் சொந்தம்?



சென்ற ஜனவரியில் ஒரு நாள், இஷாத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்து கொண்டிருந்த நேரம். நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் அன்பர் ஒருவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் தம் மகனை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார்.

"ஹஜ்ரத், இவன் அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் 21 மார்க் எடுத்திருக்கிறான். ஏதாவது போட்டுத் தேற்றிவிடுங்கள் என்று வாத்தியார் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். முடியாது என்கிறார். நீங்கள்தான் துஆச் செய்ய வேண்டும். இவன் அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்றார்.

பையன் தூணோரம் தலை குனிந்து நின்றான். "தம்பி, கணக்கில் எந்த இடம் உனக்குப் பிடிபடவில்லை?" என்று கேட்டோம். "கவனமே இல்லை ஹஜ்ரத்" என்று தந்தை பதில் சொன்னார். மறுபடி பையனைப் பார்த்துக் கேட்டோம். "போனைத் தொட்டால் கீழே வைப்பதில்லை" என்றார் தந்தை. மூன்றாம் முறை கேட்டபோதும் அவரே வாய் திறந்தார். "பாய், சற்று ஹவ்ளுப் பக்கம் உட்கார்ந்திருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பையனை அருகில் அமர்த்திக்கொண்டோம்.

சிறிது நேரம் கழித்துப் பையன் பேசினான். ஆறாம் வகுப்பில் பின்னக் கணக்கு வந்தபோதே அவனுக்குப் புரியவில்லையாம். வீட்டுப் பாடத்தை டியூஷனில் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். வருடா வருடம் பாஸ் என்று வந்துவிடுமாம். "புரியவில்லை என்று வீட்டில் சொல்லவில்லையா?" என்று கேட்டோம். "சொன்னால் அம்மா அழுவாங்க ஹஜ்ரத்" என்றான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்த 21 மார்க் யாருடையது? எடுத்தவன் பையன். அதற்காக வாத்தியாரிடம் கெஞ்சியவர் தந்தை. பட்டினி கிடந்தவர் தாய். ஆறாம் வகுப்பில் தவறவிட்ட பாடம் மட்டும் யாராலும் தொடப்படாமல் நான்காண்டுகள் அப்படியே கிடந்திருக்கிறது.

நமது சேலம், நாமக்கல் பகுதியில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007ல் நீங்கிய பின், பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வாயிலாயிற்று. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகளைத் தேடி எல்லா மாவட்டங்களிலிருந்தும் பெற்றோர் வந்தார்கள். பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு, பிளஸ் டூ பாடத்தையே இரண்டாண்டுகள் உருப்போட வைக்கும் வழக்கம் பல இடங்களில் வேரூன்றியது. கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன ஊராதலால் மக்களே அவற்றுக்குப் 'பிராய்லர் பள்ளி' என்று பெயரிட்டார்கள். 2017ல் அரசு மாநில அளவில் முதலிடம் அறிவிப்பதை நிறுத்தியது. 2018ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்துப் பார்த்தது. இன்று அந்த ஓட்டம் நீட் பயிற்சியின் பக்கம் திரும்பியிருக்கிறது. வாயில்கள் மாறினாலும் வாயிலில் நிற்கும் பெற்றோரின் பதைப்பு மாறவில்லை.

இன்னொரு புறம், 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி, எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைப்பதில்லை என்ற முறை நம் மாநிலத்தில் இருந்து வருகிறது. ஏழைப் பிள்ளைகள் படிப்பை விட்டு ஓடிவிடாதிருக்கச் செய்த நல்ல ஏற்பாடு அது. நாம் அதைக் குறை கூறவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் பிள்ளையை நிறுத்தி வைக்காதபோது, எங்கே தடுக்கி நிற்கிறான் என்று பார்க்கும் பொறுப்பு வீட்டுக்கு அதிகமாகிறது. நாமோ பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதியாகி விடுகிறோம்.

தோல்வியைப் பிள்ளையின் கையிலிருந்து நாம் இரண்டு விதமாகப் பறித்துக்கொள்கிறோம். ஒன்று, மறைப்பது. செய்முறை நோட்டை நாமே எழுதுவது, படத்தை நாமே வரைவது, மார்க்குக்காக நாமே கெஞ்சுவது. மற்றொன்று, அதை நமது மானமாக்கிக் கொள்வது. "உன்னால் சொந்தபந்தத்தில் தலை காட்ட முடியவில்லை" என்று நாம் சொன்ன நிமிடமே பின்னக் கணக்கு மறந்து போகிறது. பெற்றோரின் கண்ணீரை எப்படித் துடைப்பது என்பதே பிள்ளையின் கவலையாகி விடுகிறது. மூத்தவர்கள் செய்யும் இந்த இரண்டு காரியங்களும் அன்பிலிருந்து பிறப்பவைதாம். என்றாலும் இரண்டிலும் பிள்ளை கற்க வேண்டியது கைநழுவிப் போகிறது.

நாமும் இதில் குற்றமற்றவர் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் மக்தப் பேச்சுப் போட்டியில் நம் மகள் பேசினாள். முன் வரிசையில் அமர்ந்திருந்த நாம், அவள் தடுமாறும் இடமெல்லாம் உதட்டசைத்து எடுத்துக் கொடுத்துக் கொண்டிருந்தோம். நடுவில் ஒருவர் எழுந்து குறுக்கே போனார். நம் முகம் மறைந்தது. குழந்தை பேச்சை நிறுத்திவிட்டாள். மனப்பாடமாயிருந்த பகுதிதான், ஆனால் அவள் அதுவரை நம் உதட்டை நம்பியிருந்தாளே தவிரத் தன் நெஞ்சை நம்பியிருக்கவில்லை. அவளைத் தடுமாற வைத்தவர் குறுக்கே போனவர் அல்லர், நாமே!

நாயகத் திருமேனி (ஸல்) அவர்கள் கற்பித்த முறை எப்படி இருந்தது? அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் பதிவான ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவர் பள்ளிவாசலுக்குள் வந்து அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு, அண்ணலாரிடம் வந்து ஸலாம் சொன்னார். அண்ணலார் பதில் ஸலாம் கூறிவிட்டு, அவர் தொழுதது தொழுகையாகவில்லை என்றும், திரும்பிப் போய்த் தொழும்படியும் பணித்தார்கள். அவர் போய் முன்போலவே தொழுதுவிட்டு வந்தார். மீண்டும் அதே பதில். இவ்விதம் மூன்று முறை நடந்தது. அதன் பின், தமக்கு இதைவிட அழகாகத் தொழத் தெரியாது என்றும், கற்றுத் தரும்படியும் அவரே வேண்டினார். அப்போதுதான் நிதானமாக நிற்பதையும் ருகூவையும் ஸுஜூதையும் ஒவ்வொன்றாகக் கற்றுக் கொடுத்தார்கள்.

முதல் முறையிலேயே கற்றுக் கொடுத்திருக்கலாமே! கருணைக் கடலான அண்ணலார் ஏன் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்? தமக்குத் தெரியவில்லை என்பதை அவர் தாமே உணர்ந்து, கற்றுத் தாருங்கள் என்று தம் வாயாலேயே கேட்கும் நிலை வருவதற்காக என்று நாம் விளங்கிக் கொள்கிறோம். தாகமில்லாதவனுக்கு ஊற்றும் தண்ணீர் தரையில்தானே போகும்? மற்றொன்றையும் கவனியுங்கள். அவரது தொழுகை சரியில்லை என்று ஒளிக்காமல் சொல்லப்பட்டது. ஆனால் அவர் சொன்ன ஸலாம் ஒரு முறையும் பதிலின்றிப் போகவில்லை. அந்த முகம் அவரிடமிருந்து திரும்பிக் கொள்ளவேயில்லை. பிள்ளை வளர்ப்போர் கற்க வேண்டிய பாடம் முழுவதும் இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரிலும் இதே வழியைக் காண்கிறோம். மலைக்கணவாயில் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்வீரர்களில் பெரும்பாலோர் இடத்தை விட்டு இறங்கியதால் வெற்றி கைமாறிப் போயிற்று. எழுபது ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். ஆல இம்ரான் அத்தியாயம் அந்தப் பிழையை மூடி மறைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எடுத்துரைத்து, மன்னிப்பையும் அறிவித்து, அவர்களிடம் மென்மையாக நடக்கவும், அவர்களைக் காரியங்களில் கலந்து ஆலோசிக்கவும் அண்ணலாரைப் பணிக்கிறது. தவறிப் போனவர்களிடம் இனி யோசனை கேட்கக் கூடாது என்றுதான் உலகம் சொல்லும். இறைவனோ அவர்களை மீண்டும் அருகில் அமர்த்தச் சொல்கிறான். பரீட்சையில் தவறிய பிள்ளையிடம், வீட்டுக் காரியம் ஒன்றில் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று நாம் எப்போதாவது கேட்டதுண்டா?

குழந்தைகளுக்கு ஏழு வயதில் தொழச் சொல்லுங்கள், பத்து வயதில் கண்டியுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். இடையே மூன்றாண்டுகள் இருக்கின்றன. நாளுக்கு ஐந்து வேளை வீதம் 5,000க்கும் மேற்பட்ட வேளைகள் ஆகின்றன. விட்டுப் போகும், மறந்து போகும், பாதியில் எழுந்து ஓடும். அத்தனைக்கும் இடம் வைத்தே அந்த மூன்றாண்டு தரப்பட்டிருக்கிறது. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரட்டைக் கூலி உண்டு என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். மனனம் செய்த நாட்களில் சபக் சரியாக ஒப்பிக்காமல் நாம் எத்தனையோ முறை திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறோம். இன்று தராவீஹில் நிற்கும்போது, திருப்பி அனுப்பப்பட்ட அந்த இடங்கள்தாம் நமக்கு உறுதியாக நிற்கின்றன.

"அப்படியானால் பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிடுவதா?" என்று சில தாய்மார்கள் கேட்கக்கூடும். இல்லை, சகோதரிகளே! தோல்வி வேறு, அழிவு வேறு. கிணற்றையும் நெருப்பையும் தொட்டுப் பார்த்துக் கற்க எந்தப் பெற்றோரும் விடமாட்டார்கள். தீய சேர்க்கையும் ஹராமும் அப்படித்தான். கரும்பலகை தெரியாமல் தவறும் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்க வேண்டும். எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளையை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பள்ளியில் அடித்துத் துன்புறுத்தப்படும் பிள்ளைக்காக நாம்தான் போய்ப் பேச வேண்டும். பரீட்சை முடிவு வெளியாகும் நாட்களில் இளம் உயிர்கள் தம்மைத் தாமே மாய்த்துக் கொள்ளும் கொடுமையை நம் மாநிலம் பலமுறை கண்டுவிட்டது. வாழ்க்கை வேண்டாம் என்ற சொல் பிள்ளையின் வாயில் வந்துவிட்டால், அது பாடம் புகட்டும் நேரமன்று. தனியே விடாமல் அணைத்துக் கொள்ளுங்கள். தாமதிக்காமல் மருத்துவரை நாடுங்கள். 104 என்ற அரசுத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

மூஸா (அலை) அவர்களின் தாயாரை நினைத்துப் பாருங்கள். இறைவனின் கட்டளைப்படி குழந்தையை ஆற்றில் விட்டார்கள். விட்டுவிட்டுப் படுத்துவிடவில்லை. பின்தொடர்ந்து பார்த்துவர மகளை அனுப்பினார்கள். அந்தப் பெண் தூர நின்று கவனித்தாள். ஓடிப்போய்ப் பேழையைப் பிடித்து இழுக்கவில்லை. சமயம் வந்தபோது மட்டும் முன்வந்து பேசினாள். பள்ளிப் பருவத்துப் பெற்றோருக்கு அந்தச் சகோதரியின் இடமே தகுந்த இடம் என்று நமக்குத் தோன்றுகிறது. தண்ணீர் ஓடட்டும். நம் கண் கரையில் இருக்கட்டும். ஆறாம் வகுப்பில் 21 மார்க் வாங்கி, அத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் புரிந்துகொள்ளும் பிள்ளை பாக்கியசாலி. முதல் தோல்வியைக் கல்லூரி விடுதியிலோ வெளிநாட்டு வேலையிலோ தனியாகச் சந்திக்கும் பிள்ளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அந்தப் பட்டறைக்காரரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். மறுநாள் அவரிடம், "உங்கள் பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் முதல் வெல்டிங்கை எப்படி வைப்பான்?" என்று கேட்டோம். "கோணலாகத்தான் வைப்பான். வெட்டி எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்வேன்" என்றார். "கோணலாகிறதே என்று நீங்களே வைத்துக் கொடுத்துவிடலாமே?" என்றோம். "நான் வைத்தால் அவன் என்றைக்குக் கற்றுக்கொள்வான்?" என்றவர், சட்டென்று நிறுத்தினார். சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "சரி ஹஜ்ரத், இனி மார்க்குக்காக அந்தப் பள்ளிக்கூடத்துப் படி ஏறமாட்டேன். ஆனால் இவன் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றார்.

அதன் பிறகு ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரிடம் பையன் மாலையில் போய் வந்தான். ஒன்பதாம் வகுப்பில் படிப்பவன் ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் பிடித்துத் தெருவில் நடப்பது எளிதன்று. அவன் நடந்தான்.

இரண்டு மாதம் கழித்து, அஸர் முடிந்த நேரத்தில் நம்மிடம் வந்து நின்றான். திருப்புதல் தேர்வில் 32 மார்க் எடுத்திருக்கிறானாம். தேற மூன்று குறைவு. "எங்கே போயிற்று?" என்று கேட்டோம். "பின்னம் எல்லாம் வந்துவிட்டது ஹஜ்ரத். அல்ஜீப்ராவில்தான் குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். எந்த இடம் என்று தெரிந்துவிட்டது" என்றான்.

சுற்றிலும் பார்த்தோம். அவன் அத்தாவைக் காணவில்லை. தனியாகத்தான் வந்திருந்தான்.

தடுக்கி விழும் நம் மக்களுக்கு எழுந்து நிற்கும் உறுதியையும், அவர்கள் எழும்வரை அருகில் பொறுத்திருக்கும் உள்ளத்தை நமக்கும், எல்லாம் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.