சர்வ சுதந்திர பாத்தியதை

என் தகப்பனார் ஸ்ரீபெரும்புதூர் சார்பதிவாளர் அலுவலக வாசலில், ஒரு புங்க மரத்தடியில், சாய்வு மேஜையும் மைக்கூடுமாக உட்கார்ந்து நாற்பது வருஷ காலம் பத்திரம் எழுதி ஜீவனம் செய்தவர். கிரயப் பத்திரத்தின் மேற்பகுதியில் வருகிற பெயர், விலாசம், நான்கெல்லை ஆகியவற்றை ஏதோ கடனே என்று எழுதிக்கொண்டு போவார். கடைசிப் பகுதிக்கு வந்ததும் அவருக்கு முதுகு நிமிர்ந்துவிடும். எழுதுவதை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுவார். நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று மண்ணுக்கு மேலும் கீழும் உள்ள அனுபவங்களையெல்லாம் ஒன்று விடாமல் அடுக்கி, இவை சகிதமாக வாங்குகிறவர் சர்வ சுதந்திர பாத்தியதையுடன், புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது என்று அவர் முடிக்கும்போது, எதிரே குந்தியிருக்கிற விவசாயிக்கு அந்தச் சொற்களில் ஒன்றும் விளங்காவிட்டாலும், தன் இரண்டரை ஏக்கர் இனிமேல் யாராலும் அசைக்க முடியாததாகிவிட்டது என்கிற நிச்சயம் மாத்திரம் முகத்தில் தெரியும்.

இந்த வயதில் அந்தச் சொற்களை எனக்கு நினைவூட்டியது ஒரு கைப்பேசி. 2023 செப்டம்பர் 22-ஆம் தேதி ஐபோன் 15 விற்பனைக்கு வந்தது. அதற்கு அடுத்த வாரம் அண்ணா சாலைக் கடை ஒன்றில் 79,900 ரூபாய் கொடுத்து அதில் ஒன்றை நான் வாங்கினேன். ஓய்வூதியக்காரனுக்கு இது அடாத செலவு என்பதை வாசகர் சொல்லுமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு ஒரு பூர்வ கதை உண்டு. முந்தின வருஷம் அமெரிக்காவிலிருந்து வந்த என் மகள், தான் உபயோகித்த போனை எனக்கென்று விட்டுப்போனாள். நம் ஊர்ச் சிம்மை அதில் போட்டால், இந்தச் சிம் இங்கே செல்லாது என்று திரையில் ஒரு வாசகம் வந்து நின்றது. துடைத்துப் போட்டாலும் அதுதான், அணைத்து ஏற்றினாலும் அதுதான். ஊர் திரும்பிவிட்ட மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அப்பா, தவணை முடியறவரைக்கும் அது கம்பெனியோடது. லாக் போட்டிருப்பான்.”

“தவணையை நீதானே கட்டறே?”

“கட்டறது நான். பூட்டு அவனோடது.”

சித்தாந்த விசாரத்துக்கு இதைவிடச் சுருக்கமான பூர்வபட்சத்தை நான் கேட்டதில்லை.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது இது: அந்தத் தேசத்தில் போனை மலிவாகவோ தவணையிலோ கொடுக்கிற தொலைபேசி நிறுவனம், வாங்கினவன் வேறொரு நிறுவனத்தின் சிம்மைத் தேடிப் போய்விடாதபடி அதற்குள்ளேயே ஒரு தளை வைத்து விற்பது நெடுநாள் வழக்கம். 1998-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்றின் பிரகாரம், அந்தத் தளையை வாங்கினவன் தானே அவிழ்க்கலாமா கூடாதா என்பதை சில வருஷங்களுக்கு ஒரு முறை தீர்மானிக்கும் அதிகாரம், ஆச்சரியமாக, காங்கிரஸ் நூலகத்தின் தலைமை நூலகரிடம் இருந்தது. அவர் கொடுத்துவந்த சலுகை 2013 ஜனவரியில் நின்றுபோக, ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பேர் கையெழுத்திட்டு வெள்ளை மாளிகைக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். 2014 ஆகஸ்டு 1-ஆம் தேதி அதற்கென்று தனிச் சட்டமே செய்ய வேண்டியதாயிற்று. கானடா தேசத்தில் 2017 டிசம்பர் முதல் பூட்டுப் போட்டு விற்கவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது. முழுக்கிரயம் கொடுத்தால், கடைக்காரப் பையன்கள் சொல்கிறபடி, ‘அன்லாக்டு பீஸ்’ கையில் வந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். அடியில் அம்புக்குறி போட்ட ஒரு காகித நாடா. அதைப் பற்றி இழுத்தால் சர்ரென்று பிரிகிற சப்தம். மூடியைத் தூக்கினால் உடனே வராமல், உள்ளிருக்கும் காற்று இடம் விட்டபின் மெல்லக் கழன்று வருகிறது; இவ்வளவு நிதானத்தை ஒரு அட்டைப் பெட்டிக்குக் கற்பித்தவனுடைய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும். உள்ளே 171 கிராம் எடையுள்ள வஸ்து. அதன் முதுகுக் கண்ணாடி வழவழப்பாக இல்லாமல், நீர் தெளித்துத் தேய்த்த சந்தனக் கல்லைப் போல விரலுக்கு இதமாயிருந்தது. கூட ஒரு வடம். மின்னேற்றும் கட்டை கிடையாது, அதைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். என் மனைவி அதை வாங்கிப் பூஜை அலமாரியில் வைத்துக் குங்குமம் இட்டு, அந்தக் குங்குமம் காமிராவின் மேல் பட்டுவிட்டதென்று தன் முந்தானையாலேயே துடைத்துக் கொடுத்தாள்.

அமைப்புகள் என்ற பகுதிக்குள் புகுந்து, கருவியைப் பற்றிய விவரங்கள் உள்ள பக்கத்தை நகர்த்திக்கொண்டே போனால், கீழே ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரியும், அதற்கு நேரே, சிம் விஷயத்தில் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்ற பொருளில் ஒரு வாசகமும் இருக்கின்றன. என் தகப்பனாருடைய சர்வ சுதந்திர பாத்தியதை என்ற தொடருக்கு இந்தக் காலம் கொடுத்த மொழிபெயர்ப்பு இதுதானோ என்று சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நான் செய்த முதல் வேலை, ஆறு எண் கொண்ட ரகசியக் குறியைக் கொடுத்து அந்தப் போனைப் பூட்டியது. பூட்டில்லாத வஸ்து வேண்டும் என்று தேடிப் போய், கூடுதல் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வந்து, அன்னியன் பூட்டு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட மறுகணமே என் பூட்டை மாட்டினேன். அப்படியானால் நான் வேண்டியது பூட்டின்மையை அல்ல. பூட்டுகிற அதிகாரத்தையே வேண்டினேன். ‘எனது’ என்று நாம் சொல்லுகிறபோதெல்லாம் சொல்லுவது இவ்வளவுதானா?

இந்தக் கேள்வியை எங்கள் ஊரில் பிறந்த ஒருவரிடம் கொண்டுபோவதே முறை என்று எனக்குத் தோன்றிற்று. ராமாநுஜர் 1017-ஆம் வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர். காஷாயமும் திரிதண்டமும் தவிர வேறு உடைமை கொள்ளலாகாத அந்தச் சந்நியாசிக்கு, இகபரம் ஆகிய இரண்டு விபூதிகளுக்கும் அதிபதி என்ற பொருளில் ‘உடையவர்’ என்ற திருநாமத்தை அரங்கனே அளித்தான் என்பது குருபரம்பரை வழக்கு. ஒன்றும் இல்லாதவருக்கு உடையவர் என்று பெயர் சூட்டிய சம்பிரதாயம், உடைமையைப் பற்றி நம் பதிவு அலுவலகம் அறியாத ஒன்றை அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்தச் சம்பிரதாயத்தில் ஜீவன் சொத்து, ஈசுவரன் அந்தச் சொத்துக்கு ஸ்வாமி. தான் தனக்கே உரியவன் என்று ஒருவன் எண்ணுவதற்கு அங்கே ஆத்மாபகாரம் என்று பெயர். அதாவது, பிறருடைய பொருளைத் திருடிக்கொள்வதோடு ஒத்த குற்றம். இதைச் சிறுவயதில் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. சுதந்திரமே ஜீவனுக்கு வியாதி என்று சொல்லுகிற மதம், சுதந்திரம் வாங்கின தேசத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று தகப்பனாரோடு வாதாடியிருக்கிறேன். அவர் பதில் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அடுத்த பத்திரத்தை எடுப்பார்.

ஸ்ரீபாஷ்யத்தில் ராமாநுஜர் சரீரம் என்றால் என்ன என்பதற்கு ஒரு இலக்கணம் வகுக்கிறார். கையும் காலும் இருப்பது அவருக்கு லட்சணம் அல்ல. ஒரு வஸ்துவை நியமிப்பவன் யார், அதைத் தாங்கி நிறுத்துபவன் யார், அது யாருடைய பிரயோஜனத்துக்காகவே இருக்கிறது என்ற மூன்றுக்கும் எந்த ஒரு சேதனன் விடையாகிறானோ, அவனுக்கு அந்த வஸ்து சரீரம். இந்த மூன்றையும் என் புதுப் போனிடம் கேட்டுப் பார்த்தேன். (இது சாஸ்திரத்துக்குச் செய்கிற அபசாரமாகக் கூடப் படலாம், ஆனால் குடத்தையும் துணியையும் திருஷ்டாந்தமாக வைத்தே வளர்ந்த சாஸ்திரம் ஒரு கைப்பேசிக்காகக் கோபித்துக்கொள்ளாது.)

முதலில் நியமனம். பெட்டியைத் திறந்த அன்றைக்கே, புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள் என்று அது கேட்டது. ஏற்றினேன். பழையதற்குத் திரும்பலாம் என்றால் அது என் இஷ்டத்தில் இல்லை. எந்தப் பதிப்பை அந்தக் கருவி ஏற்கலாம் என்பதற்கு உற்பத்தியாளர் கணினியிலிருந்து ஒரு கையொப்பம் வர வேண்டும், பழைய பதிப்புக்கு அந்தக் கையொப்பத்தைக் கொஞ்ச நாளில் நிறுத்திவிடுவார்கள். அதுவும் தவிர, நான் ‘சம்மதம்’ என்று படிக்காமலே தொட்ட அந்த நீண்ட ஒப்பந்தத்தில், உள்ளிருந்து இயக்குகிற மென்பொருள் விற்கப்படவில்லை, உரிமத்தின் பேரில் உபயோகத்துக்கு விடப்படுகிறது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. ஆகவே கூடு எனக்குக் கிரயம், உயிர் எனக்கு வாடகை. தாங்குவது என்ற இரண்டாவது கேள்வியில், இரவு தோறும் மின்சாரம் ஏற்றுகிறேன் என்ற அளவில், கன்றுக்குட்டிக்குக் கழுநீர் வைக்கிறவனுடைய பாத்தியதை எனக்கு உண்டு. அது யாருடைய பிரயோஜனத்துக்காக இருக்கிறது என்ற மூன்றாவதைப் பற்றி, முதல் வாரத்தில் நான் அதற்காகக் கண் விழித்த நேரத்தையும் அது எனக்காக விழித்த நேரத்தையும் கணக்கிட்டவன் என்ற முறையில், மௌனம் சாதிப்பதே கௌரவம்.

தளை அவிழ்ந்த போன் என்கிறோமே, அது எஜமானனே இல்லாத போன் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். சிம் போடாத வரையில் அது ஊமை. தொலைபேசி நிறுவனங்களின் வலை வழியே சாதாரண எண் எதையும் அதிலிருந்து கூப்பிட முடியாது. ஏதோ ஒரு நிறுவனத்தை அது அண்டித்தான் ஆக வேண்டும். யாரை அண்டுவது என்பதில் நிர்ப்பந்தம் இல்லை, அவ்வளவுதான். பாரதந்திரியம், அதாவது பிறருக்கு வசப்பட்டிருத்தல், என்று அந்தச் சம்பிரதாயம் சொல்லிவந்ததன் அருகில் இந்த அற்ப யந்திரம் என்னைக் கொண்டுவந்து நிறுத்திய அளவுக்கு, சிறுவயது வாதங்கள் நிறுத்தவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

என் தம்பி மகன் ஒரு படி மேலே போனான். “பெரியப்பா, நம்ம ராமாநுஜரே ஒரு அன்லாக் பண்ணினவர்தானே?” என்றான். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திரார்த்தத்தைப் பெற்று, யாருக்கும் சொல்லாதே என்ற ஆணையை மீறிக் கோவிலின் உயரத்தில் ஏறி நின்று எல்லோருக்கும் சொன்ன கதையைத்தான் குறிப்பிட்டான். கெட்டிக்காரத்தனம்தான், சிரித்தேன். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே பூட்டைத் திறந்தவர், அதற்கு விலையாகத் தமக்கு நரகம் வருவதானால் வரட்டும் என்று நின்றார். இங்கே விலை கொடுத்த நான், திறந்ததை மறுபடியும் என் ஒருவனுக்காகப் பூட்டிக்கொண்டேன்.

பெட்டியின் பின்புறத்தில் ‘இந்தியாவில் ஒருங்கிணைத்தது’ என்று பொடி எழுத்தில் இருந்தது. எந்த ஊர் என்று போடவில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்த சுங்குவார்சத்திரத்து ஆலையில் இந்த மாதிரிப் போன்கள் தயாராவது ஊரறிந்த செய்தி. நான் சைக்கிளில் போன காலத்தில் அங்கே ஏரியும் நெல்வயலும்தான். பிறகு 2006-இல் அந்த வட்டாரத்தில் ஒரு போன் தொழிற்சாலை வந்தது, 2014 நவம்பரில் அது மூடிற்று, அப்புறம் வேறு ஆலைகள் வந்தன. 2021 டிசம்பரில், அப்படி ஒரு ஆலையில் வேலை செய்த பெண்கள், தங்கியிருந்த விடுதியில் சாப்பிட்ட உணவு நஞ்சாகிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போக, மற்றவர்கள் ராத்திரியில் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்த நான், மூன்று மணி நேரம் தாமதமாயிற்றே என்று அவர்களை நொந்துகொண்டவன்.

சொத்தைக் காப்பது உடையவனுடைய பாரம், சொத்தினுடைய பாரம் அல்ல என்பது சரணாகதி சாஸ்திரத்தின் உயிர்நிலை. உடைமை என்பதை அங்கே பூட்டுகிற அதிகாரமாக வைக்கவில்லை; காக்கிற கடனாக வைத்தார்கள். அதனால்தான் எதையும் வைத்துக்கொள்ளாத ஒருவர் உடையவராக முடிந்தது. இந்தப் பொருளில் நான் ஒன்றை ‘எனது’ என்று சொல்லத் துணிந்தால், அதைப் பொருத்திய விரல்களும், அந்த விரல்கள் சாப்பிட்ட சோறும், அந்த ராத்திரியும் என் கணக்கில்தான் எழுதப்பட வேண்டும். அதற்குச் சித்தமில்லை என்றால் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குப் பாத்தியதை இல்லை. அனுபவிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது யோக்கியம். நான் இப்போதைக்கு இரண்டாவதையே சொல்லி வருகிறேன்.

போன் நன்றாகவே இருக்கிறது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதன் காமிராவுக்கு 48 மெகாபிக்சல் என்கிறார்கள். அதைப் பரீட்சிக்க நான் முதலில் எடுத்த படங்கள், தகப்பனாருடைய தகரப் பெட்டியிலிருந்த பழைய காகிதங்கள். படத்தை இரண்டு விரலால் விரித்தால், முத்திரைத்தாளின் நீர்க்கோடுகளும், அவர் ‘ர’ எழுதும்போது கீழே சற்று அதிகமாக இழுத்துவிடுகிற காலும், மை ஊறிய இடமும் கண்ணாடி போடாமலே தெரிகின்றன. அதில் அவர் பெயருக்கு ஒரு கிரயப் பத்திரமும் இல்லை. நாற்பது வருஷம் ஊராருக்கெல்லாம் சர்வ சுதந்திர பாத்தியதை எழுதிக்கொடுத்தவர், கோவில் மனையில் இருந்த ஓட்டு வீட்டிலேயே குடியிருந்து காலமானார். அந்த மனைக்கு வருஷா வருஷம் தரை வாடகை கட்டிய ரசீதுகள் மாத்திரம் கட்டாக இருந்தன. நிலச் சொந்தக்காரர் என்ற இடத்தில் ஒவ்வொன்றிலும் பெருமாளுடைய பெயர் எழுதியிருக்கிறது.