பலூன் சாகும் இடத்தில் ஒரு பொத்தான்

அந்தப் பலூனை யாரும் உள்ளே விடுவதில்லை. பேருந்தில் ஏற்ற நடத்துநர் மறுக்கிறார். பள்ளிக்கூடத்தில் அதனால் அமளி. தலைமையாசிரியர் பையனைப் பிடித்து அறையில் பூட்டுகிறார். தேவாலயத்திலிருந்தும் வெளியே அனுப்புகிறார்கள். வீட்டுப் பெரியவள் ஜன்னலைத் திறந்து அதை வெளியே தள்ளிவிட்டு மூடிக்கொள்கிறாள். அல்பேர் லாமொரிஸ் 1956-இல் எடுத்த ‘சிவப்பு பலூன்’ படத்தில் பெரும்பகுதி இவ்வளவுதான். பாரிஸின் மெனில்மொந்தான் மேட்டில், விளக்குக் கம்பத்தில் சிக்கியிருந்த ஒரு பலூனைச் சிறுவன் ஒருவன் ஏறி அவிழ்க்கிறான். அது நாய்க்குட்டி மாதிரி அவன் பின்னாலேயே வருகிறது. ஊர் அதற்கு இடம் தர மறுக்கிறது.

இப்போது அதற்கு வீட்டு அலமாரியிலேயே இடம் கிடைத்துவிட்டது. அமெரிக்காவில் கிரைடீரியன் நிறுவனம் 2008-இல் படத்தை டிவிடியாகக் கொண்டுவந்தது. 2023 கடைசியில், லாமொரிஸின் ஐந்து படங்களைச் சேர்த்து ஒரு ப்ளூரே பெட்டியாகவும் வெளியிட்டது. துரத்தப்பட்டவர்களை ஐம்பது வருடம் கழித்து வீட்டுக்கு அழைத்து உபசரிப்பது உலக வழக்கம்தான்.

படம் 34 நிமிடம். வசனம் மிகச் சொற்பம், அதுவும் புரியாவிட்டால் ஒன்றும் குறையாது. அந்தப் படத்துக்குத்தான் அசல் திரைக்கதைக்கான ஆஸ்கரைக் கொடுத்தார்கள். அந்த ஆண்டுப் பட்டியலில் ஃபெலினியின் ‘லா ஸ்த்ராடா’வும் இருந்தது. முழுநீளப் படங்களோடு போட்டியிட்டு, குறும்படப் பிரிவுக்கு வெளியே ஆஸ்கர் பெற்ற குறும்படம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். சிறுவனாக நடித்தது லாமொரிஸின் மகன் பஸ்கால். நீலப் பலூனோடு வரும் சிறுமி அவர் மகள் சபீன்.

வீட்டு வெளியீட்டால் படத்துக்குக் கிடைத்த நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஒரு தலைமுறை இதைப் பள்ளிக்கூடத்தில்தான் பார்த்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, 16 மி.மீ. புரொஜெக்டரை ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் காலத்து வண்ணப் பிரதிகள் பலவற்றில் ஒரு நோய் உண்டு. நீலமும் பச்சையுமான சாயம் முதலில் மங்கும், கடைசியில் மிஞ்சுவது சிவப்பு. லாமொரிஸின் படமோ சாம்பல் நிற நகரத்தில் ஒரே ஒரு சிவப்பை நம்பி எடுத்தது. ஈரச் சுவர், கருங்கல் பாவிய தெரு, மங்கிய கோட்டு, அவற்றின் நடுவே பளபளவென்று ஒரு பலூன். பிரதி நோய்ப்பட்டால் நகரமே சிவந்துபோகும், பலூனைத் தேட வேண்டியிருக்கும். எல்லாமே சிவப்பான ஊரில் சிவப்புப் பலூன் எதற்கு? குறுந்தகடு அந்தச் சாம்பலை மீட்டுக்கொடுத்திருக்கிறது. பலூனும் தப்பித்தது.

பிழைத்தவற்றில் பலூனைவிடப் பெரியது அந்தச் சாம்பல்தான். படம் எடுத்த பிறகு சில வருடங்களிலேயே பெல்வில், மெனில்மொந்தான் பகுதிகளில் இடிப்பு வேலை மும்முரமானது. குடியிருக்கத் தகாதவை என்று முடிவுகட்டி, தெருத்தெருவாகத் தரைமட்டமாக்கினார்கள். சரிவில் இன்று இருக்கும் பூங்கா 1988-இல் திறந்தது. படிக்கட்டுச் சந்துகள், உதிர்ந்த சுண்ணாம்புச் சுவர்கள், பஸ்கால் பலூன் நூலைப் பிடித்துக்கொண்டு ஓடும் முடுக்குகள், இவற்றில் பல இப்போது படத்துக்குள் மட்டுமே நிற்கின்றன. ஒரு சட்டகத்தில் விழுந்த கீறலைத் துடைக்க எடுத்துக்கொண்ட சிரத்தையில் சிறு பங்கு அந்தச் சுவர்களுக்குக் கிடைத்திருந்தால் போதும் என்று தோன்றுகிறது. ஆனால் சுவர்களுக்கு ரசிகர்கள் கிடையாது. அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் மட்டும்தான் உண்டு.

இனி அந்தக் காட்சி. பஸ்கால் கேக் வாங்கக் கடைக்குள் போகிற நேரத்தில் பையன்கள் பலூனைக் கவர்ந்துகொண்டு ஓடுகிறார்கள். பொட்டல் வெளியில் உண்டிவில்லால் அடிக்கிறார்கள். கல் படுகிறது. பலூன் வெடித்துவிட்டால் பிரச்சினை இல்லை, ‘டப்’ என்று முடிந்துவிடும், குழந்தைகளுக்குப் பழக்கமான சத்தம் அது. இந்தப் பலூன் வெடிப்பதில்லை. காற்று மெல்ல இறங்குகிறது. தோல் சுருங்குகிறது, கொப்புளம் கொப்புளமாகிறது, தரைக்கு வருகிறது. கேமரா கண்ணை எடுப்பதில்லை. ஒருவன் வந்து காலால் மிதிக்கிறான். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்காக எடுத்த படத்தில் இவ்வளவு பொறுமையாக ஒரு சாவைக் காட்டியவர் வேறு யாரென்று யோசித்துப் பார்க்கிறேன். சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை.

பள்ளிக்கூட இருட்டில் அந்தச் சுருளை நிறுத்த ஒரு குழந்தைக்கும் வழி இருந்திருக்காது. அழலாம், கண்ணை மூடிக்கொள்ளலாம், பக்கத்துப் பையனின் கையைப் பிடிக்கலாம். படம் தன் பாட்டுக்கு ஓடும். வீட்டுக்கு வந்ததும் அந்த அதிகாரம் கைமாறியது. ரிமோட்டில் ஒரு பொத்தான் இருக்கிறது. பிள்ளையின் உதடு துடிக்கத் தொடங்கியதும் அன்புள்ள எந்தத் தகப்பனும் அதைத் தொடுவான், அவனைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அப்படித் தாவிப்போனால் நாம் இறங்கும் இடம், பாரிஸின் பலூன்களெல்லாம் அவரவர் கையை உதறிவிட்டுப் பஸ்காலைத் தேடிப் பறந்து வரும் காட்சி. காரணம் தெரியாமல் பார்த்தால் அது வெறும் பிறந்தநாள் விழா. ஏன் வந்தன என்று குழந்தை கேட்டால், தாவச்செய்தவரிடம் பதில் இருக்காது. துக்க வீட்டை மூடி மறைத்துவிட்டு அங்கே வந்தவர்களை மட்டும் காட்டுகிறோம்.

அந்த ரிமோட் இன்னொன்றையும் செய்கிறது, அதில் எனக்கு இவ்வளவு கசப்பில்லை. பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸேன் இந்தப் படத்தை முன்வைத்து ஒரு வாதம் செய்தார். பலூனின் சேட்டை ஒட்டுவெட்டு வேலையில் பிறந்ததல்ல, கேமராவுக்கு முன்னால் உண்மையாகவே நடந்தது, அதனால்தான் நம்புகிறோம் என்றார். வித்தை இருக்கிறது, ஆனால் அது கத்தரிக்கோலின் வித்தை இல்லை. இன்றைக்குப் பத்து வயதுப் பையன் ஒருவன் ப்ளூரேயை நிறுத்தி, தொலைக்காட்சியோடு முகத்தை ஒட்டிவைத்து நூலைத் தேடலாம். தேடட்டும். கண்டுபிடித்தாலும் யாரோ நூலைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவில் உண்மையாகவே நின்றார்கள் என்றுதான் ஆகும். பஸேன் சொன்னதும் அதுதானே.

2008-இன் வெளியீட்டில் இன்னொரு படமும் வந்தது: லாமொரிஸ் 1953-இல் எடுத்த ‘வெண்பிடரி’. கமார்க் சதுப்பு நிலத்தில் ஒரு காட்டுக் குதிரையும் மீனவச் சிறுவன் ஒருவனும். முடிவில், துரத்திவரும் மேய்ப்பர்களிடம் அகப்படாமல் இருவரும் கடலுக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மனிதரும் குதிரையும் நண்பர்களாக வாழும் ஒரு தேசத்துக்குப் போகிறார்கள் என்று பின்னணிக் குரல் சொல்கிறது. திரையில் தெரிவது அலை மட்டும். இதைப் பார்த்துவிட்டுச் ‘சிவப்பு பலூன்’ பார்த்தால் அதன் முடிவு பழைய மாதிரி இருப்பதில்லை. பலூன்கள் பஸ்காலைத் தூக்கிக்கொண்டு கூரைகளுக்கு மேலே போகின்றன. எங்கே? ஒன்றில் கடல், ஒன்றில் வானம். இரண்டிலும் பையன் திரும்பி வருவதாகக் காட்டவில்லை. தனித்தனியாகப் பார்த்த காலத்தில் இரண்டும் இரண்டு இனிய கதைகளாகவே நின்றிருக்கும். பக்கத்துப் பக்கத்தில் வைத்ததும் குழந்தைகளின் நண்பர் என்று பெயர் வாங்கிய மனிதர் என்ன நினைத்தார் என்பது தெரிந்துவிடுகிறது: இந்த உலகத்தில் அவர்களுக்கு இடமில்லை என்று.

அதே மனிதர் 1957-இல் ஒரு பலகை விளையாட்டையும் கண்டுபிடித்தார். உலக வரைபடத்தை விரித்துவைத்து, பகடை உருட்டி, படைகளை நகர்த்தி, கண்டம் கண்டமாகப் பிடிக்க வேண்டும். இன்று ‘ரிஸ்க்’ என்ற பெயரில் உலகமெங்கும் விற்கிறது. டிவிடிக்கு வெகு முன்பே லாமொரிஸ் இந்த அட்டைப்பெட்டியோடு வீடுகளுக்குள் நுழைந்துவிட்டார். பலூனை வெளியே தள்ளிய ஜன்னல்கள் இதற்குத் தாழ் போட்டதாகத் தெரியவில்லை.

பிறகு அவர் ஹெலிகாப்டரிலிருந்து ஆட்டமில்லாமல் படமெடுக்க ஒரு கருவி செய்தார். அதோடு ஈரானுக்குப் போய், அந்த நாட்டின் மேல் வீசும் காற்றுகளே கதை சொல்வதாக ஒரு படம் எடுத்தார். படத்தில் நவீன ஈரான் போதவில்லை, அணைக்கட்டெல்லாம் வேண்டும் என்று அரசுத் தரப்பில் கேட்டதாகச் சொல்வார்கள். 1970-இல் கராஜ் அணைக்கு அருகே படமெடுக்கையில் ஹெலிகாப்டர் விழுந்து இறந்தார். வயது 48. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மனைவியும் மகன் பஸ்காலும் படத்தை முடித்தார்கள், 1978-இல் வெளிவந்தது. 2023-இன் பெட்டியில் இருக்கும் ஐந்தில் அது இல்லை. ஆவணப்படம் என்பதாலோ, குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்பதாலோ விட்டிருக்கலாம். குதிரையோடு கடலுக்குள் போன சிறுவன் மட்டும் பெட்டிக்குள்தான் இருக்கிறான்.