சடங்கும் சிகிச்சையும்

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் 1983 முதல் 2009 மே வரை நடந்த போர் விட்டுச்சென்ற மனக்காயங்களுக்கு ஆறுதல் தேடி மக்கள் போன வாசல்கள் மூன்று. ஒன்று மருத்துவமனை. இன்னொன்று கோயில், தேவாலயம், பள்ளிவாசல். மூன்றாவது ஊர்: அதன் செத்தவீட்டு முறைகள், ஒப்பாரி, கூத்து, அயலவரின் வரவு. உளவியலும் ஆன்மிகமும் பண்பாடும் நெருக்கடிக் காலத்தில் சேர்ந்து இயங்க வேண்டும் என்று இன்று பல மேடைகளில் பேசப்படுகிறது. அப்படிச் சேர்ந்து இயங்கினால் எது கைகூடும், எது கைகூடாது என்பதைப் பார்க்க வடகிழக்கைவிடக் கடுமையான சோதனைக்களம் தமிழ்ச் சமூகத்துக்கு வாய்த்ததில்லை.

போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில், யாழ்ப்பாண மாவட்டத்தில் ஓர் ஆய்வு நடந்தது. 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் அது வெளியானது. ஆய்வில் கலந்துகொண்டவர்களில் 7 சதவீதத்தினரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகள் இருந்தன. மனச்சோர்வின் அறிகுறிகள் 22 சதவீதத்தினரிடமும், பதகளிப்பின் அறிகுறிகள் 32 சதவீதத்துக்கு மேற்பட்டோரிடமும் காணப்பட்டன. போர் என்றதும் உலகம் முதலில் உச்சரிக்கும் நோயின் பங்குதான் இவற்றில் மிகச் சிறியது. அதைவிட அதிகமானோரை வாட்டியவை துக்கமும் ஓயாத கவலையும். அவை எல்லாவற்றையும் நோய்க் கணக்கில் எழுதிவிடலாமா என்பதே தனி வழக்கு.

மனவடு நோய் 1980இல்தான் அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இடம்பிடித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் துன்பம் அதற்குப் பெரிதும் காரணம். அந்தச் சிப்பாய் திரும்பிப் போக ஒரு வீடும் தெருவும் குலையாமல் இருந்தன. போர் நெருங்கியதால் 1995 அக்டோபர் 30 அன்று ஓரிரவில் யாழ்ப்பாணத்தை விட்டுக் கிளம்பிய லட்சக்கணக்கானோருக்கு அப்படி எதுவும் இருக்கவில்லை. வீடு, அயல், கோயில், பள்ளிக்கூடம் யாவும் ஒரே நாளில் கையைவிட்டுப் போயின. போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இந்த வேறுபாட்டைத் திரும்பத் திரும்ப எழுதினார். தனிமனிதர்களோடு சேர்ந்து குடும்பமும் ஊரும் காயப்படுகின்றன என்பதும், அதைக் கூட்டு மனவடுவாகப் பார்க்க வேண்டும் என்பதும் அவருடைய வாதம். ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை அற்றுப்போவது, வாயைத் திறக்கப் பயப்படுவது, எதிலும் முன்கை எடுக்காமல் பிறர் கையை எதிர்பார்த்திருப்பது முதலியவற்றை அவர் அந்தக் காயத்தின் அறிகுறிகளாகக் கொண்டார். போர்க்காலத்தின் பெரும்பகுதியில் வடக்கில் இருந்த மனநல மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள். ஆகவே ஆசிரியர்களுக்கும் கிராம மட்டப் பணியாளர்களுக்கும் அடிப்படை உளவளத்துணைப் பயிற்சி கொடுப்பதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை.

நோயாளிகள் மருத்துவரிடம் கொண்டுவந்த முறைப்பாடுகளும் பாடப்புத்தகத்துக்கு அடங்கவில்லை. நெஞ்சுக்குள் எரிவு, உடம்பு உளைவு, தலையிடி, ஓயாத யோசனை, பெருமூச்சு: இவற்றோடுதான் பெண்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார்கள். மகன் செத்த கதை நாலாவது கேள்விக்குப் பிறகு வரும், அல்லது வராமலே போகும்.

2004 டிசம்பர் 26இன் சுனாமியில் இலங்கையில் 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் முல்லைத்தீவு முதல் அம்பாறை வரை வெளிநாட்டு உளவியல் குழுக்கள் குவிந்தன. அவற்றில் சில, நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்துப் பாரத்தை இறக்கும் முறையைக் கையில் எடுத்துவந்தன. அந்த முறையால் பயனில்லை, சிலருக்குக் கெடுதலும் நேரலாம் என்று மருத்துவ ஆய்வுகளின் தொகுப்பு 2002இலேயே சொல்லியிருந்தது. இலங்கையரின் துயரத்தை ஆராய்ந்த உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ வேறொன்றைக் கவனித்தார். மக்கள் தங்கள் பாதிப்பை மனத்துக்குள் நிகழும் கோளாறாகச் சொல்வதைவிட, உறவுக்குள் தங்கள் இடம் பறிபோனதாகவே அதிகம் சொன்னார்கள். தாய்க்குத் தாய்மையின் கடமை இல்லாமற்போனது, மீனவனால் வீட்டுக்கு உழைத்துக் கொடுக்க முடியாமற்போனது ஆகியவையே அவர்கள் கண்ட காயம். இத்தகைய பாடங்களுக்குப் பின் 2007இல் ஐ.நா. அமைப்புகளும் பிற உதவி அமைப்புகளும் சேர்ந்த நிலைக்குழு வெளியிட்ட அவசரகால மனநல வழிகாட்டியில், சமயச் சடங்குகளுக்கு இடமளிப்பதும் உள்ளூர் வைத்தியரோடு தக்க இடத்தில் ஒத்துழைப்பதும் தனித்தனிப் பகுதிகளாக இடம்பெற்றன.

சடங்கு செய்யும் வேலை என்ன? யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் சாவு விழுந்தால் அன்றிலிருந்து துக்கத்துக்கு ஒரு நாட்காட்டி தொடங்குகிறது. எட்டுச்செலவு, 31ஆம் நாளையொட்டி அந்தியேட்டி, ஆண்டு முடிவில் திவசம், பின் தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. முதல் நாட்களில் அந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அயலவர் சமைத்துக் கொண்டுவருவார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் சாவு நடந்த விதத்தைச் சொல்லியாக வேண்டும். ஐம்பது பேரிடம் சொல்லும்போது அந்தக் கதை ஒரு வடிவத்துக்கு வந்துவிடும். ஒப்பாரி, இறந்தவர்மேல் இருக்கும் கோபத்தைக்கூட ஊரறியச் சொல்ல அனுமதி தருகிறது. அழ வேண்டிய நாள் எது, அழுகையை நிறுத்தி வேலைக்குப் போக வேண்டிய நாள் எது என்று ஊரே முடிவுசெய்து வைத்திருப்பதால் துக்கப்படுகிறவர் தனியாக அந்த முடிவை எடுக்க வேண்டியதில்லை. உளவியல் பல அமர்வுகளில் கட்டியெழுப்ப முயல்வதைச் செத்தவீடு கேட்காமலே தந்துவிடுகிறது. போர் முறித்ததும் இதைத்தான். பதுங்குகுழிக்குப் பக்கத்தில் அவசரமாகப் புதைத்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடியவர்களுக்கு எட்டாம் நாள் எந்த ஊரில் வந்தது என்பதே தெரியாது.

முறிந்த இடத்தில் வேறு சடங்குகள் முளைத்தன. மானிடவியலாளர் பற்றீசியா லோரன்ஸ் 1990களில் மட்டக்களப்பின் காளி கோயில்களில் கண்டது அதற்குச் சான்று. காணாமற்போன மகனைப் பற்றிப் படைமுகாமில் கேட்கவும் முடியாது, அயலவரோடு பேசவும் பயம். அந்த நிலையில் தாய்மார் வாக்குச் சொல்லும் பெண்களிடம் போனார்கள். தெய்வம் ஏறிய பெண், வந்தவளின் வலியைத் தன் உடம்பில் வாங்கினாள். மகன் பட்ட அடி இந்த இடத்தில் என்று தொட்டுக் காட்டினாள். உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றும் சொன்னாள். சாதாரண வாயால் சொன்னால் ஆபத்தாகிவிடும் செய்தியை அம்மன் வாயால் சொல்லலாம். அம்மனைக் கைதுசெய்ய எந்த அவசரகாலச் சட்டத்திலும் பிரிவு இல்லை. வாக்கின் உண்மையை ஆய்வாளர் சோதித்துப் பார்க்க முடியாது, அது அவருடைய வேலையும் அல்ல. ஆனால் ஊமையாக்கப்பட்ட ஓர் ஊரில் கொடுமையை உரக்கச் சொல்லும் ஒரே பொதுஇடமாக அந்தக் கோயில் முன்றல் இருந்தது. தீமிதிப்பும் நேர்த்திக்கடனும் அக்காலத்தில் பெருகின. வடக்கில் தூக்குக்காவடி எடுத்த இளைஞர்களை 2002 போர்நிறுத்தக் காலத்தில் ஆராய்ந்த ஜேன் டெர்ஜஸ், வன்முறைக்கு ஆளான உடம்பு தானே விரும்பி ஏற்ற வலியின் வழியாக மீட்சி தேடுவதைப் பதிவுசெய்தார்.

சிகிச்சையும் சடங்கும் அறிந்தே கைகோத்த முயற்சிகள் சில. சோமசுந்தரம் தளர்வுப் பயிற்சியை மதத்துக்கேற்ப மாற்றினார். சைவருக்குப் பிரணவ உச்சாடனம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, முஸ்லிம்களுக்குத் திக்ர், பௌத்தருக்குச் சரணாகதி வாக்கியம், எல்லோருக்கும் சாந்தி ஆசனம். மூச்சும் தசையும் அமைதியடையும் உடலியல் ஒன்றேதான். பழகிய சொல் இருந்தால் நோயாளி வீட்டுக்குப் போன பின்னும் அதை விடுவதில்லை. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் அரங்கேறியது. சிதம்பரநாதன் பின்னர் அரங்கை மேடையிலிருந்து இறக்கி, பாதிக்கப்பட்டவர்களே பங்கேற்கும் ஆற்றுப்படுத்தலாக ஆக்கினார். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் குழந்தைகள் சேர்ந்து களிமண்ணிலும் கதையிலும் விளையாடினார்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் உளவியல் கற்ற இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம்.

பண்பாடு என்ற சொல்லைக் கேட்டதும் உருகிவிடுவது ஆபத்து. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட சாதியினர் நுழையக் கூடாது என்று 1968இல் வாசலை மறித்ததும் அதே பண்பாடுதான். கணவனை இழந்தவளை மணவறைப் பக்கம் வரவிடாத வழக்கம், போர் ஆயிரக்கணக்கில் விதவைகளை உருவாக்கிய பிறகும் எளிதில் விடவில்லை. மகன் தெற்கில் ஏதோ ஒரு சிறையில் உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே காசு வாங்கிய சாத்திரிமாரும் உண்டு. பாக்கு நீரிணைக்கு மறுபக்கத்தில் பண்பாட்டின் இரண்டு எல்லைகளையும் காணலாம். தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய கடும் மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து ரகுராமும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட கட்டுரை, சராசரியாக ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகக் கூறியது. அங்கே வருகிறவரை மரியாதையாக நடத்தினார்கள், குடும்பம் கூடவே இருந்தது, கோயில் வேலையிலும் பங்கு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களைத் தனியார் கொட்டகையில் சங்கிலியால் பிணைத்திருந்தபோது தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியைக் கழற்றச் சட்டம் தேவைப்பட்டது. மனச்சிதைவு நோயாளிக்கு மாத்திரை தேவை. கோயில் அதைக் கொடுக்காது, ஆனால் மாத்திரையை ஒழுங்காக எடுக்கச் சொல்லும் பூசாரியின் பேச்சுக்கு மருத்துவர் பேச்சைவிட மதிப்பு அதிகம் என்பது களத்தில் வேலைசெய்தவர்களுக்குத் தெரியும்.

மனத்தையும் ஆன்மாவையும் தொடாமலே தீரும் துன்பங்களும் இருக்கின்றன. இலங்கையின் தற்கொலை விகிதம் 1995இல் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளை அரசு அந்த ஆண்டிலும் 1998இலும் தடைசெய்தது. அடுத்த பத்தாண்டில் விகிதம் பாதியாகக் குறைந்தது. அதேபோல் போருக்குப் பின் வடக்கின் பெண்களை அலைக்கழித்த நுண்கடனுக்குத் தியானம் மருந்தாகாது. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான கடனைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தபோதுதான் சிலருக்காவது இரவில் தூக்கம் வந்திருக்கும்.

சடங்கையே அரசு பறிக்கும்போது நெருக்கடி இன்னொரு வகையானது. 2020 ஏப்ரலில் கோவிட் தொற்றால் இறந்த அனைவரையும் எரிக்க வேண்டும் என்று இலங்கை விதி செய்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் முஸ்லிம்களின் உடல்கள் எரிக்கப்பட்டன; பிறந்து 20 நாளான குழந்தையின் உடலும் அவற்றில் அடங்கும். சடலத்தைப் போர்த்தும் கபன் துணியை நினைவூட்டும் வெள்ளைத் துணிகளை மக்கள் கொழும்பின் பொரளை மயானத்து வேலியில் கட்டினார்கள். 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய அனுமதி நடைமுறைக்கு வந்தது. அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஜூலை வரை ஆனது. போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலை நினைவுகூரும் கஞ்சியைக் கொடுத்ததற்காகத் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் பெண்கள் கைதானதும் அதே 2024இல்தான். துக்கம் காக்கவே தடை இருக்கும் ஊரில், துக்கத்தை எப்படிக் கையாள்வது என்று உளவளத்துணையாளர் வகுப்பெடுப்பது விசித்திரமான காட்சி.

மூன்று வாசல்களும் ஒருசேர முட்டி நிற்கும் இடம் காணாமல் ஆக்கப்பட்டோரின் வீடு. அமெரிக்கக் குடும்ப உளவியலாளர் போலின் பாஸ், வியட்நாமில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களோடு 1970களில் பணியாற்றியபோது இத்தகைய இழப்பை விளக்கத் தொடங்கினார். ஆள் இல்லை, ஆனால் போய்விட்டார் என்பதற்கும் சான்றில்லை. துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இதைத் தெளிவற்ற இழப்பு என்றார் அவர். சைவ மரபில் உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையால் உருவம் செய்து ஈமக்கடன் கழிக்க வழி உண்டு. ஆனால் அந்தத் தர்ப்பைக்குத் தீ வைப்பது, மகனைத் தானே கொல்வதாகத் தாய்க்குப் படுகிறது. 2009 மேயில் பலர் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே படையினரிடம் ஒப்படைத்தார்கள். அந்தப் பெற்றோரிடம் போய் ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது சிகிச்சை ஆகாது. பாஸ் சொல்லும் வழியும் அதுவல்ல: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமந்தபடி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும் விளக்கேற்றவும் பழக வேண்டும், அதற்கு அதே நிலையில் இருக்கும் மற்றக் குடும்பங்களின் கூட்டு வேண்டும் என்கிறார்.

அந்தக் கூட்டை வன்னித் தாய்மார் எந்த நூலையும் படிக்காமல் அமைத்தார்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசாமி கோயில் வாசலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். கோயில் வாசல் என்பதால் அது வழிபாடும் ஆயிற்று. படங்களோடு கூடியிருந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்டதால் குழுச் சிகிச்சையும் ஆயிற்று. அவர்கள் அதை வழிபாடாகவோ சிகிச்சையாகவோ கருதவில்லை. பதில் கேட்டு வந்தவர்கள் அவர்கள். மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போயுள்ளார் என்ற சான்றிதழ் பெற 2016இல் சட்டத்திருத்தம் வந்தது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கு 2018இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். சான்றிதழையும் உதவித்தொகையையும் வாங்கினால் கோப்பு மூடப்பட்டுவிடும் என்று அஞ்சிப் பல குடும்பங்கள் ஒதுங்கி நின்றன. வெளியே பிடிவாதமாகத் தெரியும் அந்த மறுப்பு, அவர்களில் பலரை உடையாமல் வைத்திருக்கும் பிடிமானமும் கூட. பதில் வராமலே பெற்றோர் பலர் இறந்துவிட்டார்கள். தேடல் இப்போது சகோதரிகளிடமும், தந்தையை நினைவில்லாத பிள்ளைகளிடமும் வந்திருக்கிறது. வடக்கின் உளவளத்துணை நிலையங்களுக்கு இனி வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.